ஒரு சுழி கூடிப்போன முகாம்

அன்பு மகள் கயலுக்கு உன் அம்மா தேவானை எழுதுறது. நானும் உங்க நைனாவும் இங்க சுகமா இருக்கோம், நீ அங்க சுகமா இருக்கணும்னு வேலைக்குப் போற வழியில முண்டகக்கண்ணி அம்மன் வாசல்ல நின்னு தினமும் ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் போறேன். சுகம்னு எல்லா கடுதாசியிலயும் எழுதுறதுதானேன்னு தாண்டிப் போயிடாதே கண்ணு. இந்த வாட்டி நிஜமாவே சுகம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசியே. அஞ்சாறு நாளா எனக்குக் கால் தரையில பாவல. சமைக்கப் போற மாமி வீட்டுல ரசத்துக்கு ரெண்டு வாட்டி உப்பு போட்டுட்டேன். காமாக்ஷி மாமி ஒரு வாய் வெச்சுட்டு, என்ன தேவானை, உன் பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயிடுத்தான்னு கேட்டாங்க. அதெல்லாம் இல்ல மாமி, எங்க வீட்டுக்காரரு குறட்டை விட்டாருன்னேன். மாமி என்னை ஒரு மாதிரியா பாத்தாங்க. உனக்கும் இப்ப ஒண்ணும் புரியாது, மொதல்லேர்ந்து சொல்றேன்.

போன்லயே சொல்லியிருக்கலாமேன்னு நெனப்ப. நம்ம வீடு ஒரே ரூமு, நான் போன் எடுத்தாலே உங்க நைனா காது முழுக்க இந்தப் பக்கம்தான் இருக்கும், அவரைப் பத்தி பேச்சு வந்தா இருமுவாரு. நம்ம தெரு புஷ்பம் அக்காவோட தங்கச்சி பொண்ணு வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்பிப் போறா, அவகிட்ட உனக்கு இட்லிப் பொடியும் வத்தக்குழம்புப் பொடியும் குடுத்து அனுப்புறேன். கடுதாசி பொடி டப்பாவுக்கு அடியில இருக்கும், எண்ணெய் பட்டிருந்தா தொடச்சுட்டுப் படி. எழுத்துல தப்பு இருந்தா சின்ன வயசுல பண்ண மாதிரி சிவப்புப் பேனாவை எடுத்துகினு உக்காந்துடாதே. பேசும்போது கீதுன்னு பேசுறவ எழுதும்போது இருக்குன்னு எழுதுறேனே, அதுக்கே நீ எனக்கு மார்க்கு போடணும். தப்புன்னா எப்பேர்ப்பட்ட தப்பு தெரியுமா, ஒரே ஒரு சுழி கூடப் போட்டு இந்தத் தெருவையே ஒரு ஆட்டு ஆட்டிட்டா உங்கம்மா. அதுக்கு வரேன்.

போன டிசம்பர் வெள்ளத்தைப் பத்தி உனக்குத் தெரியும், செவுத்துல இருந்த தண்ணிக் கோட்டை வீடியோவுல காட்டினேன், நீ அழுத. ஆத்துல தண்ணி வடிஞ்சுது, தெருவுல வடிஞ்சுது, உங்க நைனாவுக்குள்ள மட்டும் வடியவே இல்ல, அதை உன்கிட்ட சொல்லல. நீ போன் பண்ணப்பல்லாம் நைனா லோடு ஏத்தப் போயிருக்காரு, குளிக்கிறாருன்னு சொன்னேனே, அவரு எங்கயும் போகல. வாசல் பக்கத்துல அந்த பச்சை பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருந்தாரு. பகல்ல அதுல, ராவுலயும் அதுல. பாய் விரிச்சா, நீ படு தேவானைன்னு சொல்லுவாரு, தான் படுக்க மாட்டாரு. மேல் வீட்டுல டேங்க் நெரம்பி தண்ணி கொட்டுற சத்தம் கேட்டா போதும், துள்ளி எழுந்து சிலிண்டரைத் தூக்கி கட்டில் மேல வெச்சுடுவாரு. லோடு வண்டி படுதா போட்டபடி நின்னுகினு இருந்துச்சு. டீக்கடையில உக்காந்தா ஊர் நியாயம் பூரா பேசுற மனுஷன், ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினா அதிசயம். பக்கத்து வீட்டு வைரவன் அண்ணன், உனக்கு சைக்கிள் கத்துக்குடுத்தாரே பெயிண்டரு, அவரும் உங்க நைனாவும் சின்ன வயசுலேர்ந்து ஒரே தட்டுல சாப்பிட்டவங்க, அவரு வெள்ளத்துல விழுந்து காலு ஒடஞ்சு அதுல கம்பி வெச்சிருக்கு. அவரைப் போய் ஒரு வாட்டி பாக்கல உங்க நைனா. நடுவுல ஒரு செவுருதான். தொரைக்கு நான் நொண்டின்னு எளக்காரமாப் போச்சுன்னு அந்தாளு புஷ்பம்கிட்ட சொல்லி அழுதிருக்காரு. நான் கயிறு மந்திரிச்சுக் கட்டினேன், திருஷ்டி கழிச்சேன், திட்டினேன், கெஞ்சினேன், ஒண்ணும் ஆகல. இந்த மனுஷன் இப்படியே நாற்காலியிலயே போயிடுவாரோன்னு தினமும் பயந்துகினு இருந்தேன் கயலு.

மாமி பொண்ணு மஹதியை உனக்குத் தெரியும், அவ பாவாடைங்களைத்தானே நீ போட்டு வளந்த. மனசு சரியில்லாதவங்ககிட்ட பேசித் தேத்துற படிப்பு படிச்சிருக்கா. அவளும் அவ சிநேகிதிங்களும் சேர்ந்து வெள்ளம் வந்த தெருவுக்கெல்லாம் போறாங்க. அரிசி குடுத்தாங்க, பாய் குடுத்தாங்க, பயந்தீங்களான்னு யாரு கேட்டாங்க அக்கான்னு சொல்லுவா. நைனாவை மனசுல வெச்சுகினு எங்க தெருவுக்கும் வாம்மான்னு நான்தான் கூப்பிட்டேன். ஆடி மாசம் வந்தா. ஞாயித்துக்கிழமையில அங்கன்வாடியில இடம் வாங்கி வாசல்ல மனநல முகாம்னு நீலக் கலர்ல ஒரு பேனர் கட்டினாங்க. ஒரு ஈ காக்கா வரல. வாராவாரம் வந்து உக்காந்திருந்துட்டு, கொண்டுவந்த பிஸ்கட்டை அவளே தின்னுட்டுப் போவா, பாவம். வீடு வீடாப் போய் நானும் கூப்பிட்டுப் பாத்தேன். இன்னா தேவானை, நாங்க இன்னா கீழ்ப்பாக்கம் கேஸா, அங்க போய் உக்காந்தா நாளைக்கு என் புள்ளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு புஷ்பம் அக்கா என்கிட்ட சண்டைக்கே வந்துட்டா. உங்க நைனாகிட்ட மெதுவா எடுத்தேன், அவரு எழுந்து போய் லோடு வண்டிக்குள்ள உக்காந்துகினாரு. அதுல ஒரு நாள் பேனரையே காணோம். எவன் எடுத்தான்னு தேடிப் பாத்தா புஷ்பம் அக்கா வீட்டுக் கூரை மேல கீது. பாத்தியா, எழுதும்போதே கீதுன்னு வந்துடுச்சு. ஒழுகுற எடத்துல அவ வீட்டுக்காரரு தலைகீழா விரிச்சு மேல கல்லு வெச்சிருக்காரு. மஹதி அண்ணாந்து பாத்துட்டு சிரிச்சா, போகட்டும் அக்கா, ஒரு வீட்டுக்காவது உபயோகமாச்சேன்னா.

ஆவணி பொறந்துச்சு. புது பேனர் அடிக்கணும், இந்த வாட்டி நீங்க எழுதிக் குடுங்க அக்கா, நான் எழுதினா ஆபீஸ் தமிழா இருக்குன்னா. எனக்குப் பெருமை பிடிபடல. காலண்டர் தாளுக்குப் பின்னாடி கொட்டைக் கொட்டையா எழுதினேன், மணநல முகாம், ஞாயித்துக்கிழமை தோறும், இலவசம், எல்லாரும் வரலாம், பேசுறது வெளிய போகாது. மூணு சுழி போட்டுட்டேன் கயலு. நம்ம வாயில ரெண்டு சுழியும் மூணு சுழியும் ஒண்ணுதானே, நான் எங்க கண்டேன். மெயின் ரோட்டு பேனர் கடைக்காரரு ஆவணி முகூர்த்தத்துக்கு கல்யாண பேனரா அடிச்சுத் தள்ளிகினு இருந்தாரு. இதையும் பாத்துட்டு, நல்ல எண்ணத்துலதான், மேல ஒரு பிள்ளையாரு, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவுல மாலை போட்டுப் பிடிச்ச ரெண்டு கை, கீழ நாதஸ்வரம் தவில் எல்லாம் வெச்சு ரோஸ் கலர்ல அடிச்சுக் குடுத்துட்டாரு. வாங்கின எனக்கும் ஒண்ணும் தோணல. ஷோக்கா கீதே, நல்ல காரியத்துக்கு மங்களகரமா அடிச்சிருக்காருன்னு சனிக்கிழமையே கொண்டுபோய்க் கட்டிட்டேன்.

மறுநாள் மஹதி ஸ்கூட்டர்ல வந்து எறங்குறா, அங்கன்வாடி வாசல்ல திருவிழாக் கூட்டம். ஆளாளுக்குக் கையில மஞ்சள் தடவின ஜாதகம், போட்டோ, ஒருத்தி பொண்ணையே புடவை கட்டி கூட்டிகினு வந்திருக்கா. மஹதி கூட்டத்தைப் பாத்தா, பேனரைப் பாத்தா, தலையில கை வெச்சுகினா. தேவானை அக்கா, இது மணம்னா. மணம்தானேம்மான்னேன். மனம்னா ரெண்டு சுழி அக்கான்னா. எனக்கு அப்படியே பூமி பொளந்து உள்ள போயிடலாம் போல ஆயிடுச்சு. அரிவாள்மணையை எடுத்துகினு போய் கயித்தை அறுக்கப் பாத்தேன். எட்டிப் பிடிச்சுட்டா புஷ்பம் அக்கா, நாஷ்டாகூட துன்னாம வந்து மொத ஆளா நிக்கிறேன், எதுக்கு அவுக்குறன்றா. மஹதி ஸ்டூல் மேல ஏறி நின்னு உள்ளதை உள்ளபடி சொல்லிட்டா. எழுத்துல தப்பாயிடுச்சு, இது பொண்ணு மாப்பிள்ளை பாக்குற எடம் இல்ல, வெள்ளத்துக்கு அப்புறம் தூக்கம் வராதவங்க, பயமா இருக்கிறவங்க மனசு விட்டுப் பேசுற எடம், போறவங்க போகலாம், வந்தது வந்துட்டோம்னு நெனக்கிறவங்க டீ குடிச்சுட்டு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போகலாம்னா. பாதிப் பேரு திட்டிகினே போயிட்டாங்க. புஷ்பம் அக்கா போவாளா. எம்மா நேரம் நின்னேன், நான் என் புள்ளை கல்யாணத்தைப் பத்திதான் பேசுவேன், கேப்பியான்னா. சொல்லுங்க கேக்குறேன்னா மஹதி. புள்ளை கல்யாணத்துல ஆரம்பிச்சவ, மருமகளுக்குன்னு எடுத்து வெச்சிருந்த கூரைப்புடவை தண்ணியில போனதுக்கு வந்து, அடுப்பு மேடை மேல ஏறி நின்னுகினு யாராவது வாங்கடான்னு கத்தினதுக்கு வந்து, அவ அழுத அழுகை டீ போட்டுகினு இருந்த எனக்கு வெளிய கேட்டுச்சு. மூஞ்சியைக் கழுவிகினு வெளிய வந்தா. நிக்கிறவங்களைப் பாத்து, போங்கடி, போய் கல்யாணத்தைப் பத்தியே பேசுங்க, நல்லாத்தான் கேக்குதுன்னா.

அவ்வளவுதான், புடிச்சுகினாங்க. மனசு சரியில்லன்னு போனாத்தானே கீழ்ப்பாக்கம், கல்யாண விஷயமா போனா எவன் கேப்பான். பேரன் பேத்தி எடுத்த கெழவரெல்லாம் கல்யாண விஷயமா போறேன்னு சட்டை மாட்டிகினு கெளம்புறாங்க. எல்லாருக்கும் விஷயம் தெரியும், ஒருத்தரும் வெளிய காட்டிக்கல. மஹதி கீழ ஒரு அட்டையில ரெண்டு சுழி போட்டு சரியா எழுதித் தொங்கவிட்டா, ஆனா ரோஸ் பேனரை அவுக்கல. தெருவுல விஷயம் தெரியாத ஒரே ஆளு உங்க நைனாதான், அவருதான் யாரோடையும் பேசுறதில்லையே. நாற்காலியில உக்காந்தா நேரா அந்த பேனரு தெரியும், அட்டை தெரியாது.

அடுத்த ஞாயித்துக்கிழமை நான் டம்ளருல டீ ஊத்திகினு இருக்கேன், நிமிந்து பாத்தா உங்க நைனா நிக்கிறாரு. ஷேவ் பண்ணியிருக்காரு. கல்யாணத்துக்குப் போடுற வெள்ளை சட்டை. கையில மஞ்சப் பை. எனக்குக் கையில டீ கொட்டினதுகூட தெரியல. என்னை ஏறெடுத்துப் பாக்காம உள்ள போய் மஹதி எதுருல உக்காந்துட்டாரு. அங்கன்வாடியில இருக்கிறதெல்லாம் பசங்க நாற்காலி, உங்க நைனா முட்டி ரெண்டும் தாவாங்கட்டை வரைக்கும் வந்துடுச்சு. பையிலேர்ந்து உன் போட்டோவை எடுத்து மேசை மேல வெச்சாரு. நர்சிங் முடிச்சப்ப எடுத்த போட்டோ, செவுத்துல மாட்டியிருந்தது, வெள்ளத்துல நனைஞ்சு உன் மூஞ்சியில பாதி பழுப்பா கறை ஏறிப் போச்சே, அது. நான் ஜன்னலாண்ட போறதுக்குள்ள மஹதி, அக்கா, டீ ஆறிடப் போகுதுன்னுட்டா. போன்னு அர்த்தம். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வெளிய வந்தாரு, கண்ணு செவந்திருந்துச்சு, நேரா வீட்டுக்குப் போயிட்டாரு. இன்னாம்மா சொன்னாருன்னு மஹதியைப் பிடிச்சுகினேன். அவர் சொன்னது அவரோடது அக்கா, அவரே சொல்லுவாருன்னா. எனக்கு வந்துச்சே கோவம். உன்னை இடுப்புல தூக்கி சோறு ஊட்டினவ நான், என் புருஷன் சொன்னதை என்கிட்ட சொல்ல மாட்டியான்னு கேட்டுட்டேன். அப்பவும் வாயைத் தொறக்கல அந்தப் பொண்ணு. அன்னிக்கு ஆத்திரமாத்தான் இருந்துச்சு, இப்ப நெனச்சா அவ செஞ்சதுதான் சரி.

ரெண்டு நாள் கழிச்சு நான் சின்ன வெங்காயம் உரிச்சுகினு இருந்தேன். அவரு நாற்காலியை விட்டு எழுந்து வந்து என் பக்கத்துல தரையில உக்காந்தாரு. அவரும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிச்சாரு. உரிச்சுகினே சொல்றாரு. தண்ணி வர்றதுக்கு மொத நாளு தெருவே அவருகிட்ட வந்து கேட்டுதாம், தொரண்ணே, வருமான்னு. ஆத்தோரமே பொறந்து வளந்தவரு, எப்பவும் பாலத்துல போய் நின்னு தூணைப் பாத்துட்டு வந்து சொல்றவரு, அவரு சொன்னா தப்பினதில்லன்னு பேரு. அன்னிக்கும் போய்ப் பாத்தாரு. வந்து சொன்னாரு, ஒண்ணும் வராது, போய்ப் படுங்கன்னு. எல்லாரும் போய்ப் படுத்தாங்க. விடியும்போது இடுப்பளவு தண்ணி. வைரவன் அண்ணன் டிவியைத் தூக்கிகினு ஓடினதுல வழுக்கி விழுந்தாரு. படுத்தா அந்த வார்த்தை என் காதுல கேக்குது தேவானை, ஊரையே படுங்கன்னு சொன்னவன் நான், நான் எப்படிப் படுப்பேன்னாரு. அதான் கயலு, அந்த நாற்காலி. பக்கத்துலயே இருந்தேன், எனக்குத் தெரியல. மஹதிகிட்டயும் மொதல்ல மாப்பிள்ளை பாக்கணும்னுதான் சொல்லியிருக்காரு. இது அந்த எடம் இல்லன்னு அவ சொன்னதும், நான் இன்னா பைத்தியமான்னு எழுந்துட்டாரு. அவ வேற ஒண்ணும் கேக்கலையாம், போட்டோவைக் காட்டி, இது என்ன கறை சார்னு மட்டும் கேட்டிருக்கா. தண்ணி பட்டதும்மான்னாராம். எந்தத் தண்ணின்னாளாம். திரும்ப உக்காந்துட்டாராம். சரிய்யா, இப்ப எதுக்கு கயலுக்கு மாப்பிள்ளைன்னு கேட்டேன். தெருவுல விசாரிச்சா பொண்ணோட அப்பன் எப்படின்னு கேப்பாங்க, இவங்க இன்னா சொல்லுவாங்க, அந்தப் பொண்ணு வெளியாளு, அது மூலமா வந்தா தெருவுல விசாரிக்க மாட்டாங்கன்னு பாத்தேன்னாரு. நான் அழுதேன். வெங்காயத்து மேல பழியைப் போட்டுட்டேன்.

அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமைன்னா அவரே கெளம்பிடுவாரு. ஒரே நாளுல மாறிட்டாருன்னு நெனக்காதே. பெரியாஸ்பத்திரி டாக்டருகிட்டயும் மஹதி அனுப்பி வெச்சா, தூக்கத்துக்கு மாத்திரை குடுத்தாங்க, கொஞ்ச நாளைக்குத்தானாம், பேரு என் வாயில நுழையல, நர்சம்மா நீ கேப்பன்னு சீட்டை போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். பகல்ல கதவைத் தொறந்து வெச்சுகினு செத்த நேரம் படுத்துப் பாருங்கன்னா. படுப்பாரு, உடனே எழுந்துடுவாரு. வைரவன் அண்ணன் வீட்டு வாசல் வரைக்கும் போவாரு, செருப்பைத் தேடுற மாதிரி குனிஞ்சுட்டுத் திரும்பி வந்துடுவாரு. ஆனா மஹதி கேட்ட ஒரு கேள்வி அவருக்குள்ள நல்லாப் போய் உக்காந்துகிச்சு. தண்ணி வருமா வராதான்னு சொல்ற வேலையை உங்களுக்கு யாரு சார் குடுத்தாங்கன்னு கேட்டாளாம். யாரும் குடுக்கலன்னாராம். அப்ப அதை விட்டுடுங்க, அதுக்கு ஆளுங்க இருக்காங்க, மைக்குல சொல்லுவாங்க, கதவைத் தட்டுற வேலையை மட்டும் நீங்க வெச்சுக்கோங்கன்னாளாம். கதவைத் தட்டுற வேலை, கதவைத் தட்டுற வேலைன்னு ரெண்டு நாள் முணுமுணுத்துகினே இருந்தாரு.

இதையெல்லாம் உடனே உனக்கு எழுதாததுக்குக் காரணம் பயம்தான், சொல்லிட்டு மறுபடியும் நாற்காலிக்கே போயிட்டாருன்னா. இப்ப எழுதுறேன், ஏன்னா போன வாரம் மழை. ஐப்பசின்னா தெரியுமே. காலையில மைக்கு வண்டி வந்துச்சு, ஏரியைத் தொறக்கப் போறாங்க, ஆத்தோரம் இருக்கிறவங்க எல்லாரும் மாநகராட்சி ஸ்கூலுக்குப் போயிடுங்கன்னு. நான் மயிலாப்பூருக்கு வேலைக்குக் கெளம்பி நிக்கிறேன், எனக்கு மழையைப் பத்தி ஒண்ணும் இல்ல, நாற்காலியைத்தான் பாக்குறேன். அவரு அதுலயேதான் உக்காந்திருக்காரு. தெரு பூரா வெளிய வந்துட்டாங்க, வந்தவங்க பழக்க தோஷத்துல நம்ம வாசலைப் பாக்குறாங்க. யாரோ கேட்டும் புட்டாங்க, இன்னாண்ணே, வருமான்னு. உங்க நைனா எழுந்தாரு. வருமா வராதான்னு எனக்குத் தெரியாது, எல்லாம் கெளம்புங்கன்னாரு. எவ்வளவு நாள் கழிச்சு அந்தக் கொரலைக் கேக்குறேன் கயலு, உடம்பு சிலிர்த்துப் போச்சு. உள்ள வந்து என் புது எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துகினு போனாரு. டமடமன்னு அடிச்சுகினு மொதல்ல போனது வைரவன் அண்ணன் வீட்டுக்கு.

அந்தாளு கதவைத் தொறந்து கம்பை ஊணிகினு நிக்கிறாரு. மழை கொட்டுது. உங்க நைனா தட்டைக் கீழ வெச்சுட்டு, குனிஞ்சு அவரை அப்படியே அலாக்காத் தூக்கிகினு போய் லோடு வண்டியில உக்கார வெச்சாரு. மொதல்ல டிவியை ஏத்துறா தொரன்னாரு வைரவன் அண்ணன். ஏத்தினாரு. பெட்ரோல் போட்டு, பேட்டரி சார்ஜ் பண்ணி, வண்டியை ரெடி பண்ணி வெச்சிருக்காரு, எப்ப செஞ்சாருன்னு எனக்கே தெரியாது. எத்தனை நடை அடிச்சாருன்னு கணக்கே இல்ல, புஷ்பம் அக்கா ஜாதகப் பையைக்கூட விடாம ஏத்திகினா. ஒருத்தரும் வர மாட்டேன்னு சொல்லல. தட்டு ஒரு பக்கம் நசுங்கிப் போச்சு, போகட்டும்.

மத்தியானம் ஸ்கூல்ல சாம்பார் சாதம் பொட்டலம் குடுத்தாங்க. மழை விட்டுது. வெயிலு வேற அடிக்குது. தெருவைப் பாக்கப் போனவங்க வந்து சொன்னாங்க, தண்ணி கரையைக்கூடத் தொடல, தெரு காஞ்சு கெடக்குதுன்னு. எல்லாரும் உங்க நைனாவைப் பாக்குறாங்க. அவரு பொட்டலத்துல வெச்ச கையை எடுக்கல. இன்னிக்கும் பேரு கெட்டுப் போனா இந்த மனுஷன் இனிமே எழுந்திருக்க மாட்டாருன்னு நெனச்சேன். வைரவன் அண்ணன்தான் மொதல்ல பேசினாரு. இன்னா தொர, தண்ணியே வரல, சொம்மா கெடந்தவனை மழையில நனைய வெச்சுத் தூக்கியாந்து போட்டுட்டன்னாரு. நான் முந்தானையை வாயில வெச்சுகினேன். அவரே மறுபடி சொன்னாரு, அடுத்த வாட்டியும் வந்து தூக்குடா, வராம இருந்துடாதேன்னு. உங்க நைனா சிரிச்சாரு. சிரிச்சுகினே அழுதாரு. அந்தாளு இவரு சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்து பக்கத்துல உக்கார வெச்சுகினாரு. புஷ்பம் அக்கா கேட்டா, அப்ப நாம வீட்டுக்குப் போலாமாண்ணேன்னு. மைக்குல சொல்லட்டும், அது வரைக்கும் இங்க ஒண்ணும் ஆகாது, போய்ப் படுங்கன்னாரு. அவரு வாயாலயே வந்துடுச்சு கயலு, அதே வார்த்தை. சொன்னப்புறம்தான் அவருக்கே காதுல விழுந்துது போல, என்னைத் திரும்பிப் பாத்தாரு. நானும் பாத்தேன். அப்புறம் தோள்ல இருந்த துண்டை உதறி விரிச்சு, வைரவன் அண்ணன் பக்கத்துல காலை நீட்டிப் படுத்தாரு. கண்ணை மூடி கொஞ்ச நேரத்துல விட்டாரு பாரு ஒரு குறட்டை, பட்டப்பகல்ல, அந்த ஹாலே சிரிச்சுது. எழுப்ப வந்தவங்களை நான் விரட்டிட்டேன். ஒரு அட்டையை வெச்சு விசிறிகினு அந்தக் குறட்டையைக் கேட்டுகினே உக்காந்திருந்தேன். மைக்குல வீட்டுக்குப் போலாம்னு சொன்னப்புறமும் எழுப்பல.

இப்ப பாயில படுக்கிறாரு. நேத்து இடி இடிச்சப்ப போய் நாற்காலியில உக்காந்தாரு, அப்புறம் அவராவே பாய்க்கு வந்துட்டாரு. அப்படி அப்படித்தான் ஆகும் அக்கான்னு மஹதி சொல்றா. டீக்கடைக்குப் போறாரு, வைரவன் அண்ணனும் கம்பை ஊணிகினு கூடப் போறாரு, அங்க ரெண்டு பேரும் போடுற சத்தத்துல கடைக்காரரு பேஜாராகுறாரு. ரோஸ் பேனரு இன்னும் அங்கயே தொங்குது, பக்கத்துத் தெருவுல இருந்துகூட கல்யாண விஷயமா வராங்க. இத்தனை பேரு கல்யாண விஷயமா வரா, எங்காத்துப் பொண்ணுக்கு ஒரு வரன் வரல பாருன்னு மாமி மஹதியைக் கலாய்ச்சுண்டு இருக்காங்க, நானும் மாமி பாஷையில எழுதிட்டேன் பாரு. உன் போட்டோவை அன்னிக்கு மஹதி மேசை மேல பாத்துட்டு ரெண்டு வீட்டுல விசாரிச்சாங்க, போட்டோ விஷயத்தை மட்டும் அவளுக்கு எழுதாதேன்னு உங்க நைனா சொன்னாரு, அதனால எழுதுறேன். கறை இல்லாத போட்டோ ஒண்ணு அனுப்பச் சொல்லுன்னும் அவருதான் சொன்னாரு. மாப்பிள்ளைக்குக் காட்ட இல்லையாம், செவுத்துல மாட்டத்தானாம். நம்புறதும் நம்பாததும் உன் இஷ்டம்.

நைட் டூட்டி முடிஞ்சு வெறும் வயித்துல படுக்காதே, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை, பொடியை அப்படியே தின்னாதே, நல்லெண்ணெய் ஊத்திக்கோ. அந்த அம்மன் உன்னைக் கண்ணுல வெச்சுக் காப்பாத்துவா, நீ நெனச்சதெல்லாம் நடக்கும், நல்லா இருப்ப. ஒண்ணே ஒண்ணு ஞாபகமா செய். வெள்ளத்தன்னிக்கு நீ அங்க தனியா உக்காந்துகினு போன்ல எங்க வீடு முழுகுறதைப் பாத்த. போனை வெச்சப்புறம் நீ இன்னா பண்ணுன, தூங்கினியா, யாரு உன் பக்கத்துல இருந்தாங்க, ஒண்ணும் நான் கேக்கல. சாப்பிட்டியான்னு மட்டும்தான் கேட்டிருக்கேன். மணம் எப்ப வேணா வரட்டும். உன் மனசு எப்படி இருக்கு கயலு? நல்லாப் பாரு, ரெண்டு சுழிதான் போட்டிருக்கேன். மத்ததுக்கெல்லாம் அப்புறம் பதில் போடு, மொதல்ல இதுக்குப் போடு.

உன் பதிலுக்காக வாசல்லயே கண்ணா இருக்கிற,
அம்மா
து. தேவானை